அதிமதுரம்: இனிக்கும் வேர், அளந்து தொட வேண்டிய மருந்து

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நாட்டு மருந்துக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். "அண்ணே, பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது, ஏதாவது கொடுங்க" என்று யாராவது கேட்டால் போதும், கடைக்காரர் டப்பா டப்பாவாகத் திறந்து ஒரு காகிதப் பொட்டலம் கட்டிவிடுவார். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, காய்ந்த ஆடாதோடை இலை, கூடவே நாலைந்து துண்டு அதிமதுரம். காரமும் கசப்புமான அந்தச் சரக்குகளுக்கு நடுவே நாக்குக்கு இதமாக இருப்பது அது ஒன்றுதான். கஷாயம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளையும் இரண்டு மடக்கு குடித்துவிடுவதற்கு அந்த வேர்தான் காரணம்.

மூன்று நாள் இருமலுக்குப் பொட்டலமாக வந்துகொண்டிருந்த இந்த வேர், இப்போது தினசரிச் சரக்காகிவிட்டது. மூலிகைத் தேநீர்ப் பையில் அதிமதுரம். 'எதிர்ப்பு சக்தி'ப் பொடியில் அதிமதுரம். தொண்டை மிட்டாயில், இருமல் மருந்தில், லேகியத்தில், முகப்பூச்சில் என்று எங்கும் அதிமதுரம். இயற்கைதானே, இனிப்புதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று ஆண்டு முழுக்கக் குடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டே குடிப்பவர்களும் அவர்களில் உண்டு. இந்த வேர் நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. மருந்து என்பதால்தான் அதற்கு ஓர் அளவும் சில நாள் கணக்கும் உண்டு. அந்த இரண்டையும் நாம் மறந்துகொண்டிருக்கிறோம்.

நம் மண்ணில் விளையாத நம் மருந்து

அதிமதுரம் அவரைக் குடும்பத்துச் செடி. ஒரு மீட்டரும் அதற்கு மேலும் வளரும், ஊதா கலந்த வெளிர்நீலப் பூ பூக்கும். இதன் சொந்த ஊர் மத்தியதரைக் கடல் கரையிலிருந்து மேற்கு ஆசியா வழியாக மத்திய ஆசியா வரை நீளும் வறண்ட நிலம். ஆற்றோரத்து ஆழமான மணல் மண்ணும், நல்ல வெயிலும், குளிர்காலமும் அதற்குப் பிடிக்கும். மூன்று நான்கு ஆண்டு வளர்ந்த பிறகே வேரைத் தோண்டுவார்கள். சீனாவிலும் மங்கோலியாவிலும் இதே இனத்தின் இன்னொரு வகை விளைகிறது.

நம் கடைகளுக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசிய நாடுகளிலிருந்து இறக்குமதியாவது. அரியானா, பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களில் பயிரிடும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனாலும் நாட்டின் தேவைக்கு அவை ஈடுகொடுக்கும் நிலை இன்னும் வரவில்லை.

வெளியூர்ச் சரக்காக இருந்தும் இது நம் மருத்துவத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேர்விட்டுவிட்டது. சித்த மருத்துவத்தில் இருமல், இரைப்பு, தொண்டைக்கட்டு, வயிற்றெரிச்சல் ஆகியவற்றுக்கான சூரணங்களிலும் குடிநீர்களிலும் அதிமதுரம் சேர்கிறது. சரக சம்ஹிதை இதை மதுகம் என்ற பெயரில், குரலுக்கும் தொண்டைக்கும் நல்லது செய்யும் சரக்குகளின் வரிசையில் வைத்திருக்கிறது. சீனாவின் பழமையான மருந்து நூல்களிலும் இதற்கு உயர்ந்த இடம். ஜப்பானின் நாரா நகரில் உள்ள ஷோசோயின் கருவூலத்தில், எட்டாம் நூற்றாண்டில் வைக்கப்பட்ட அதிமதுர வேர் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதை இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஆகும் வேர் என்று கிறிஸ்துவுக்கு முன்பே எழுதிவைத்தார். வெவ்வேறு நாடுகளில் வளர்ந்த இத்தனை மருத்துவ மரபுகளும் ஒரே வேரை மருந்தென்று எடுத்துவைத்திருப்பது சாதாரண விஷயமல்ல.

வாங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள்

பொடியாக வாங்குவதைவிட வேராக வாங்குவதே நல்லது. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வேர் அப்படியல்ல.

நல்ல வேரின் தோல் பழுப்பு நிறத்தில், நீளவாக்கில் சுருங்கிச் சுருங்கி இருக்கும். விரல் தடிமனுள்ள துண்டை வளைத்தால் சட்டென்று இரண்டாகாது. நார் நாராகப் பிரிந்து, மெல்லிய தூசி பறக்க உடையும். உடைந்த இடம் மஞ்சளாக இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர் கதிராகக் கோடுகள் ஓடுவது தெரியும். ஒரு சிறு துணுக்கை வாயில் போட்டால் முதலில் வெறும் மரச்சுவைதான். சில நொடி கழித்தே இனிப்பு மெல்ல எழும்பும். துப்பிய பிறகும் தொண்டையில் வெகுநேரம் நிற்கும். உள்ளே கறுத்துப்போன வேர், பூச்சி அரித்துப் பொடி உதிரும் வேர், பூசண வாடை அடிக்கும் வேர் எதுவும் வேண்டாம். நம் ஊர் மழைக்காலக் காற்றில் வேர் சீக்கிரம் பூத்துவிடும். ஒருநாள் வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு வைப்பது நல்லது.

கலப்படத்தில் முக்கியமானது குன்றிமணி வேர். வேலியோரம் படரும் அதே குன்றிமணிக் கொடிதான். அதன் இலையும் வேரும் இனிக்கும் என்பதால், நாட்டு வைத்தியத்தில் அதிமதுரத்துக்குப் பதிலாக அதை எடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு செடிகள், ஒன்றுக்கு எழுதிய அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. அதைவிடப் பெரிய ஆபத்து விதையில் இருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக மின்னும் அந்த மணியில் உள்ள அப்ரின், உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு. வீட்டோரத்துக் கொடியைப் பிடுங்கி வந்து, அதிமதுரம் என்று எண்ணிக் கஷாயம் வைக்கும் விஷப்பரீட்சை யாருக்கும் வேண்டாம்.

உலகத்து அடுப்படிகளில்

எகிப்திலும் சிரியாவிலும் ரம்ஜான் மாத மாலைகளில் 'இர்க் சூஸ்' என்ற கருநிறப் பானத்துக்குத் தனி மவுசு. பெரிய பித்தளைக் கூஜாவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் தாளம் தட்டியபடி தெருவில் விற்றுப் போவார்கள். செய்முறை எளிது. இடித்த அதிமதுர வேரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கொஞ்சம் தண்ணீரும் தெளித்துப் பிசறி வைப்பார்கள். தூள் கருத்து வந்ததும் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மேலிருந்து குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றி வடிப்பார்கள். உயரத்திலிருந்து ஊற்றும்போது மேலே நுரை திரளும். வேரில் உள்ள கிளிசிரைசின் என்ற பொருள் சபோனின் வகையைச் சேர்ந்தது. பூந்திக்கொட்டையை நுரைக்கவைப்பதும் அதே வகைப் பொருள்தான்.

இத்தாலியின் தெற்கு முனையான கலாப்ரியாவில் விளையும் அதிமதுரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பே கிடைத்திருக்கிறது. அங்கே ரொசானோ ஊரில் அமரெல்லி குடும்பம் 1731 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. வேரைக் கொதிக்கவைத்து, சாற்றைக் கரும்பிசினாகக் காய்ச்சி, சிறு சிறு துண்டுகளாக்கி விற்கிறார்கள். சர்க்கரை சேர்க்காத அந்தத் துண்டு முதலில் லேசாகக் கசந்து, பிறகு நெடுநேரம் இனிக்கும். இங்கிலாந்தின் பான்டிஃபிராக்ட் ஊரில் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்துக்காரர் 1760இல் இந்த மருந்துச் சாற்றோடு சர்க்கரை சேர்த்தார் என்பார்கள். அதோடு அது மிட்டாயாகிவிட்டது. நெதர்லாந்துக்காரர்கள் 'டிராப்' என்ற பெயரில் இனிப்பாகவும் உப்பாகவும் இதை விரும்பித் தின்கிறார்கள். பின்லாந்தில் நவச்சாரம் சேர்த்த உப்பு அதிமதுர மிட்டாய் ஊர் முழுக்கப் பிரசித்தம்.

சீன அடுப்படியில் இது மசாலா. அன்னாசிப்பூ, பட்டை, சோயா சாறு சேர்த்து இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைக்கும் குழம்பில் ஓரிரண்டு சீவல் அதிமதுரமும் மிதக்கும். அது உப்பின் கூர்மையையும் மசாலாவின் காரத்தையும் தணித்து ஒன்றாகச் சேர்க்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்கள் காய்ச்சும் மூலிகைச் சூப்பு வகைகள் பலவற்றிலும் இதைக் காணலாம். ஆனால் உலகில் விளையும் அதிமதுரத்தில் கணிசமான பங்கு நெடுங்காலமாகப் போய்ச் சேர்வது சமையலறைக்கும் அல்ல, மருந்துக் கடைக்கும் அல்ல. சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் மணமும் இதமும் ஏற்றுவதற்குத்தான்.

நம் வீட்டில் எப்படிச் சேர்ப்பது

கிளிசிரைசின் சர்க்கரையைப் போல் முப்பது முதல் ஐம்பது மடங்கு இனிப்பு. அந்த இனிப்பு தாமதமாகத் தெரிவதுதான் சமையலில் சிக்கல். கொதிக்கும்போது ருசி பார்த்துவிட்டு, போதவில்லையே என்று இன்னொரு துண்டு போட்டால், குடிக்கும்போது தித்திப்புத் திகட்டி, அடித்தொண்டையில் ஒரு கசப்பும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இருமல் கஷாயத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு ஒருநாளைக்கு, பென்சில் தடிமனில் இரண்டு அங்குலத் துண்டு போதும். எடை ஏறக்குறைய ஒன்றரை கிராம். அதைத் தட்டி, ஒரு துண்டு சுக்கு, ஐந்து மிளகு, கொஞ்சம் சித்தரத்தையோடு இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறுதீயில் ஒரு டம்ளராக வற்றவிடுங்கள். வடிகட்டி, காலையில் பாதி, மாலையில் பாதி. பனங்கற்கண்டு போடும் முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. மூன்று நாளில் இருமல் குறைய வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் நிற்கவில்லை, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ சளியில் ரத்தமோ இருக்கிறது என்றால் கஷாயத்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

தொண்டை வலிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. அதிமதுரத் தண்ணீரை இளஞ்சூட்டில் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவது. இதற்கு மருத்துவ ஆதாரமும் இருக்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதால் நோயாளிகளுக்குப் பிறகு தொண்டை வலிக்கும். ஆஸ்திரியாவின் வியன்னாவில் 236 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மயக்க மருந்துக்கு முன் அரை கிராம் அதிமதுரம் கரைத்த தண்ணீரால் கொப்பளித்தவர்களுக்கு, சர்க்கரைத் தண்ணீரால் கொப்பளித்தவர்களைவிடத் தொண்டை வலி பாதியாகக் குறைந்தது. விழுங்காததால் உடலுக்குள் போகும் அளவும் மிகக் குறைவு.

தீபாவளி லேகியத்தில் பல வீடுகளில் திப்பிலி, ஓமம், சுக்கோடு அதிமதுரமும் சேர்ப்பார்கள். சுண்டைக்காயளவு சாப்பிடும் மருந்து என்பதால் அதில் கவலை இல்லை. பாயசத்துக்கோ பால் இனிப்புக்கோ பால் காய்ச்சும்போது ஒரு துண்டு வேரை ஊறவிட்டு எடுத்துவிட்டால், சோம்பை நினைவூட்டும் மெல்லிய மணம் ஏறும். இஞ்சி, ஆரஞ்சு, எலுமிச்சை மூன்றோடும் நன்றாகச் சேரும். பாகு காய்ச்சிப் பிடிக்கும் பலகாரங்களுக்கு இது உதவாது, ஏனென்றால் இனிப்பு உண்டே தவிரப் பாகுப் பதம் வராது. சர்க்கரை நோயாளிகள் இதைச் சர்க்கரைக்கு மாற்றாகத் தினமும் போட்டுக்கொள்வதும் தவறு. சர்க்கரை உள்ளவர்களில் பலருக்கு ரத்தக் கொதிப்பும் உண்டு, அதை இந்த வேர் ஏற்றிவிடும்.

கைக்குழந்தைகளுக்கு உரைகல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்தில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காயோடு இதையும் சேர்ப்பவர்கள் உண்டு. எத்தனை இழை, எவ்வளவு மருந்து என்று அந்த முறையில் கணக்கே கிடையாது. குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கலந்து கொடுப்பது அறவே கூடாது.

வயிற்றுப்புண்ணும் டச்சு மருத்துவரும்

இந்த வேரின் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் தெரியவந்த கதை நெதர்லாந்தில் நடந்தது. ஹேரன்ஃபேன் என்ற ஊரில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், உள்ளூர் மருந்துக்காரர் ஒருவர் கொடுத்த அதிமதுரக் கலவையைச் சாப்பிட்ட வயிற்றுப்புண் நோயாளிகளுக்குக் குணம் தெரிவதைக் கவனித்தார். தாமே கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. ஆனால் சிலருக்கு முகமும் கைகாலும் வீங்கின, மூச்சு வாங்கியது. இரண்டையும் 1946இல் எழுதி வெளியிட்டார்.

அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பிரிட்டனில் 1960களின் தொடக்கத்தில் கார்பனாக்சலோன் என்ற மருந்து உருவானது. வயிற்றுப்புண்ணைப் பரபரவென்று ஆற்றிய தொடக்கக்கால மருந்துகளில் அதுவும் ஒன்று. அதிலும் அதே தொல்லை: வீக்கம், ரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது ஒதுங்கிவிட்டது. இன்று கிளிசிரைசினை நீக்கிய அதிமதுர மாத்திரைகள் விற்பதற்கும் அந்த அனுபவமே காரணம்.

பிரஷர் ஏன் ஏறுகிறது

நம் உடலில் கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்று இரண்டு ஹார்மோன்கள். உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஆணையிடுவது ஆல்டோஸ்டிரோனின் வேலை. கார்ட்டிசாலுக்கும் அதே கதவைத் திறக்கும் திறன் உண்டு. அது உள்ளே நுழைந்துவிடாதபடி சிறுநீரகத்தில் ஒரு நொதி வாயிற்காவலனாக நின்று, கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்து அனுப்புகிறது. அதிமதுரம் இந்தக் காவலனைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கார்ட்டிசால் தாராளமாக உள்ளே போகிறது. உடலில் உப்பும் நீரும் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது. கால் வீங்கும், தலை வலிக்கும், தசை தளரும், பிரஷர் ஏறும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத்துடிப்பே தடம் மாறும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயது கட்டடத் தொழிலாளி ஒருவர் உணவகத்தில் மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார். சில வாரங்களாகத் தினமும் ஒன்று, ஒன்றரை பை கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்றிருந்தார். பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. 2020இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் இதை விரிவாக வெளியிட்டது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் தினமும் சுமார் 57 கிராம் கறுப்பு அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் தின்றாலே இதயத்துடிப்புக் கோளாறு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது.

ஐரோப்பிய நிபுணர் குழு ஒருநாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்கிறது. வேரின் வகை, வயது, விளைந்த மண் ஆகியவற்றைப் பொறுத்து இந்தப் பொருளின் அளவு வெகுவாக மாறும். நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டால், 2 கிராம் பொடியில் 100 மில்லிகிராம் வந்துவிடும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடியே அந்த வரம்பைத் தொடுகிறது. காலையில் ஒரு ஸ்பூன், மாலை டீயில் ஒரு ஸ்பூன், நடுவே தொண்டை மிட்டாய் என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும். அந்த வரம்பும் எல்லோருக்கும் பத்திரம் அல்ல. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ள இளைஞர்கள் 28 பேருக்குத் தினம் 100 மில்லிகிராம் கொடுத்தபோதே ரத்த அழுத்தம் சற்று ஏறியது.

யாருக்கு வேண்டாம்

ரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, ஸ்டீராய்டு மருந்துகள் எடுப்பவர்களுக்கு அதிமதுரம் பொட்டாசியத்தை மேலும் இறக்கும்; இதயத்துக்கு டைஜாக்சின் எடுப்பவர்களுக்கு அந்த இறக்கமே ஆபத்து. பொட்டாசியம் குறைவு என்று பரிசோதனையில் வந்தவர்கள் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். கர்ப்பக் காலத்தில் நிறைய அதிமதுரம் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியதை ஹெல்சின்கி ஆய்வாளர்கள் கண்டார்கள். பின்லாந்து அரசும் 2016இல் கர்ப்பிணிகளுக்கான உணவு வழிகாட்டியில் எச்சரிக்கை சேர்த்தது. மற்றவர்களும் சேர்ந்தாற்போல் நான்கு வாரத்துக்கு மேல் எடுக்கலாகாது என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் வழிகாட்டல்.

செய்ய வேண்டியது

மருந்துக் கம்பெனிகளும் தேநீர்க் கம்பெனிகளும் 'அதிமதுரம் உண்டு' என்று பெருமையாக அச்சிடுகின்றன. ஒரு வேளையில் எவ்வளவு இருக்கிறது, யார் சாப்பிடக் கூடாது என்பதையும் அதே அட்டையில் தமிழில் அச்சிட வேண்டும். அதைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. பிரஷர் குறையவே இல்லை என்று வரும் நோயாளியிடம் "உப்பு குறைத்தீர்களா" என்று கேட்கும் மருத்துவர்கள், "மூலிகைப் பொடி ஏதாவது குடிக்கிறீர்களா" என்றும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும், கடையில் வாங்கிய புட்டியைக் கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. சித்த மருத்துவரிடம் போனாலும், ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் பெயர்களைச் சொல்லிவிடுங்கள்.

நம் முன்னோர் இந்த வேரை இருமல் வந்தபோது எடுத்தார்கள், இருமல் நின்றதும் டப்பாவை மூடி வைத்தார்கள். ஆண்டு முழுக்கக் குடிக்கச் சொல்வது இன்றைய விளம்பரம். வீட்டில் தினமும் கலக்கும் பொடியின் அட்டையை இன்றே திருப்பிப் பாருங்கள். அதில் அதிமதுரம் இருந்து, வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரும் அதைக் குடித்தால், அந்தப் பொடியை இன்றோடு நிறுத்துங்கள், அடுத்த வாரம் பிரஷரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு, மழைக்காலத்து இருமலுக்கு அந்த இரண்டு அங்குலத் துண்டு எப்போதும் போல் கைகொடுக்கும்.